ஆட்டுக்கும் பொங்கலுக்கும் ஒரே கூரை

செங்கல்பட்டில் நான் வேலை பார்த்த கடையில் இப்போது ஒரு பெரிய தொடுதிரை வைத்திருக்கிறார்கள். வண்டியின் பெயரைத் தொட்டால் வண்டி வருகிறது. கூரையின் படத்தைத் தொட்டால் அது போய் வண்டியின் முதுகில் உட்கார்ந்துகொள்கிறது. நிறம் மாற்றலாம், உயரம் மாற்றலாம், வண்டியையே திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். அதைத் தொடங்கிவைத்த அன்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு பிக்கப் வண்டிக்குப் பச்சை, நீலம், ஆரஞ்சு என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில் தட்டிலிருந்த கேசரி ஆறிப்போய்விட்டது.

வாடிக்கையாளரிடம் அந்தத் திரை என்னென்ன கேட்க வேண்டும் என்று கடைப் பிள்ளைகள் யோசித்துக்கொண்டிருந்தார்கள். வண்டி எந்த மாடல், நீளம் என்ன, நிறம் என்ன, இவ்வளவும் ஏற்கெனவே இருந்தது. இன்னும் எதையாவது சேர்க்க வேண்டுமா மேடம் என்று என்னைக் கேட்டார்கள். சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் அதைக் கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடி சொல்லிவிட முடியாது. வீட்டுக்குப் போய் எழுதித் தருகிறேன் என்றேன்.

என் பெயர் கோமதி. அச்சரப்பாக்கத்தில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தவள். கல்யாணமாகி வந்த பிறகு, ஜிஎஸ்டி ரோட்டில் லாரிக்கும் வேனுக்கும் தார்ப்பாய் தைக்கும் கடையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். துணி என்றால் துணிதானே என்று நினைத்தேன். முதல் நாளே ஊசி உடைந்தது. தார்ப்பாயை மெஷினுக்குள் தள்ளுவது தூங்குகிற எருமையை எழுப்புவது மாதிரி. கைகாலெல்லாம் வலி எடுத்து, வலி விட்டு, மடிப்புத் தையலும் ஓரத்துக்கு வளையம் அடிப்பதும் சூடு காட்டி ஒட்டுவதும் பழகுவதற்குள் சில வருடங்கள் ஓடிவிட்டன. பிறகு, இந்தம்மா நன்றாகப் பேசுகிறார் என்று என்னை மெஷினிலிருந்து எழுப்பி, வருகிறவர்களிடம் விவரம் கேட்டு அளவெடுக்கிற வேலைக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அதுதான் என் வேலை.

அந்த வேலையை நான் கற்றது எங்கள் மேஸ்திரி மாணிக்கம் அண்ணனைப் பார்த்து. அவர் கற்றுக்கொடுக்கிற ரகம் இல்லை. பேச்சே குறைவு. ஒரு வண்டி வந்தால் வண்டிக்காரரிடம் எதுவும் கேட்கமாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டிக்குள் ஏறி, சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். வந்தவர்கள் இவருக்கு மயக்கமா, வேண்டுதலா என்று என்னைக் கேட்பார்கள். அவர் பாட்டுக்குத் தரைத் தகட்டைத் தடவுவார், மூலையில் கிடப்பதை விரலால் எடுத்துப் பார்ப்பார், மூக்கை உறிஞ்சுவார். காய்கறிதான் ஏற்றுகிறேன் என்பவருடைய வண்டியில் சிமெண்ட் கட்டியாகி ஒட்டியிருக்கும். துணி மூட்டை என்பவருடைய வண்டியில் மீன் செதில் மின்னும். அவர்கள் பொய் சொல்வதாக அண்ணன் நினைத்ததில்லை. "நல்ல நாள்ல ஏத்துறத நமக்குச் சொல்றாங்க. மீதி நாளுக்கும் சேத்துத்தான நாம தைக்கணும்" என்பார்.

இறங்கி வந்த பிறகு மூன்றே கேள்விகள். இன்னா ஏத்துவ? எங்க நிறுத்துவ? யாரு தொறப்பா?

முதல் கேள்வி துணியைத் தீர்மானிக்கும். இரண்டாவது கேள்வி, வண்டி வெயிலில் நிற்குமா, மரத்தடியில் நிற்குமா, உப்புக் காற்று அடிக்கிற கடலோரத்தில் நிற்குமா என்பதற்கு. உப்புக் காற்று என்றால் இரும்பு வளையம் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது, பித்தளை போட வேண்டும். மூன்றாவது கேள்வியை எதற்குக் கேட்கிறார் என்று ரொம்ப நாள் எனக்குப் புரியவில்லை. யார் திறந்தால் என்ன, கயிற்றை அவிழ்த்தால் திறந்துவிட்டுப் போகிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமல்லபுரத்திலிருந்து ஒரு சிற்பி வந்தார். கல்லில் சாமி சிலை செய்து ஊர் ஊராகக் கோயில்களுக்கு அனுப்புகிறவர். வண்டிக்குக் கூரை வேண்டும் என்றார். கல்லை மழை என்ன செய்துவிடும் என்று அண்ணனே கொஞ்சம் குழம்பினார். சிற்பி தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். அம்மன் சிலையை ஏற்றிக்கொண்டு கிளம்பினால் வழிநெடுக ஜனங்கள் வண்டியை நிறுத்துகிறார்கள். கண் திறக்காத சிலை, இன்னும் சாமியாகவில்லை என்று சொன்னாலும் கேட்பதில்லை. ஒருவர் கற்பூரம் காட்டுகிறார், ஒருவர் தேங்காய் உடைக்கிறார், ஒரு ஊரில் மஞ்சள் தண்ணீரே ஊற்றிவிட்டார்கள். போய்ச் சேர வேண்டிய நேரத்துக்கு எந்த ஊருக்கும் போய்ச் சேர முடியவில்லை.

கறுப்புத் தார்ப்பாய் தைத்துக் கொடுத்தோம். பத்து நாளில் திரும்பி வந்தார். துணி சிலைமேல் படிந்து, தலையும் தோளும் அப்படியே தெரிகிறதாம். முக்காடு போட்ட அம்மன் என்று கூட்டம் முன்பைவிட அதிகமாகிவிட்டதாம். அண்ணன் சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று. பிறகு சதுரமாகக் கம்பிச் சட்டம் அடித்து, வெளியிலிருந்து பார்த்தால் அரிசி வண்டியோ என்று நினைக்கும்படி ஒரு கூரை போட்டோம். மழையும் வெயிலும் மட்டும் சரக்குக்கு எதிரி இல்லை, பக்தியும் சில நேரம் எதிரிதான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அணுபுரத்திலிருந்து வந்த ஒரு ஐயாவையும் சொல்ல வேண்டும். பணி ஓய்வு பெற்று, செடி நர்சரி வைத்து, ஒரு பழைய பிக்கப் வாங்கியிருந்தார். அவர் வண்டிக்கு நாங்கள் தைத்த கூரை ஒரு பக்கம் தொங்கியது, மறுபக்கம் எட்டவில்லை. அளவு தப்பு என்று நான் பிரித்துத் தைத்தேன். மறுபடியும் அதே கதி. அவர் கோபப்படவில்லை. என் டேப்பை வாங்கி, தொட்டியின் இந்த மூலையிலிருந்து எதிர் மூலைக்கு ஒரு தடவையும், மற்ற இரண்டு மூலைகளுக்குக் குறுக்கே ஒரு தடவையும் அளந்தார். இரண்டும் ஒன்றாக இல்லை. எப்போதோ இடி வாங்கிய வண்டி, தொட்டியே கோணலாக இருந்திருக்கிறது. என் தையலில் ஒரு தப்பும் இல்லை என்று அவரே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அன்றிலிருந்து மூலைக்கு மூலை அளக்காமல் நாங்கள் கத்தரியைத் தொட்டதில்லை.

இதெல்லாம் ஒரு பக்கம். உட்கார வைத்து எங்களை வேலை வாங்கியது ஒரு மச்சான் மாப்பிள்ளை வழக்கு.

ஒரு ஆவணி மாதம், காலை நேரம். புது வெள்ளைப் பிக்கப் ஒன்று வந்து நின்றது. இரண்டு ஆண்கள் இறங்கினார்கள், இறங்கும்போதே வாக்குவாதம். ஒருவர் சேகர். படாளத்தில் நிலம், அதோடு ஆட்டுப் பண்ணை. இன்னொருவர் அவர் தங்கையைக் கட்டிய கணேசன். திருக்கழுக்குன்றத்துக்காரர், சைவச் சமையல் ஒப்பந்தக்காரர். கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்துக்கு வீட்டிலேயே சமைத்து எடுத்துப்போய்ப் பரிமாறுகிறவர். தனித்தனியாக வண்டி வாங்க வசதியில்லாமல் இரண்டு பேரும் சேர்ந்து ஒன்று வாங்கியிருக்கிறார்கள். சேகருக்கு ஆட்டைச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும். கணேசனுக்குச் சாப்பாட்டு அண்டாக்களைக் கொண்டுபோக வேண்டும். இரண்டும் ஒரே தொட்டியில்.

என்ன நடந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். ஒரு நிச்சயதார்த்தத்தில், இலைக்கட்டைப் பிரித்தபோது உள்ளே ஆட்டுப் புழுக்கை ஒன்று இருந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் போட்ட சத்தத்தில் கணேசனுக்கு அந்த மண்டபத்தில் இனி வேலை இல்லை என்று ஆகிவிட்டது. அதனால் அவருக்கு நான்கு பக்கமும் தகரம் அடித்து, கதவு வைத்து, பூட்டுப் போட்ட கூண்டு வேண்டும். சேகரோ, கூண்டு அடித்தால் ஆடு மூச்சுத் திணறிச் செத்துவிடும் என்றார். ஒரு முறை மழைக்குப் பிளாஸ்டிக் தாள் போட்டு இறுக்கிக் கட்டியதில் ஒரு கிடா மயங்கி விழுந்து, தண்ணீர் தெளித்து எழுப்பினார்களாம். அவருக்கு உயரமான வளைவு, மேலே மட்டும் துணி, நான்கு பக்கமும் காற்று.

இருவரும் தனித்தனியே என்னை ஓரம் கட்டினார்கள். அவர் கேட்பது நடக்காது என்று நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள் என்று இருவருமே சொன்னார்கள். ஒத்துவரவில்லை என்றால் வண்டியை விற்றுப் பிரித்துக்கொள்வதாக வீட்டில் பேச்சு முடிந்துவிட்டது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

இதற்குள் மாணிக்கம் அண்ணன் தொட்டிக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார். வழக்கத்தைவிட அதிக நேரம் இருந்தார். மூலையிலிருந்து ஒரு கையில் புழுக்கையும் மறு கையில் ஒரு ஏலக்காய்த் தோலும் எடுத்துப் பார்த்துவிட்டு இறங்கினார். முதல் இரண்டு கேள்விகளுக்கும் இருவரும் போட்டி போட்டுப் பதில் சொன்னார்கள். மூன்றாவது கேள்வி வந்தது.

"யாரு தொறப்பா?"

சேகர் கணேசனைப் பார்த்தார். கணேசன் சேகரைப் பார்த்தார். அப்போது ஓட்டுநர் பக்கத்துக் கதவு திறந்து ஒரு பெண் இறங்கினாள். ஒல்லியாக, என் தோள் உயரம்கூட இல்லை. கழுத்தில் துண்டு. கணேசனின் மனைவி, சேகரின் தங்கை அமுதா.

"நான்தான் தொறப்பேன்" என்றாள். "வண்டி ஓட்டுறதே நான்தான."

கணேசன் முன்கூட்டியே பைக்கில் மண்டபத்துக்குப் போய் அடுப்பும் இடமும் பார்க்க வேண்டும். சேகருக்கு நெடுஞ்சாலையில் ஓட்டப் பயம். அதனால் சந்தைக்கும் அவள், மண்டபத்துக்கும் அவள். கிராமத்தில் மூன்று சக்கரச் சரக்கு வண்டி ஓட்டிப் பழகி, முறையாக உரிமம் வாங்கியவள். சேகர் கேட்ட உயரத்தில் கூரை போட்டால் அவள் கை எட்டாது. கணேசன் கேட்ட தகரக் கதவை அவளால் ஒற்றை ஆளாகத் தூக்கி மாட்ட முடியாது. அவளிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. நானும்தான், கூட வந்த வீட்டுக்காரம்மா என்று நினைத்து அவள் பக்கமே திரும்பியிருக்கவில்லை.

அண்ணன் ஆண்கள் இருவரையும் எதிர்க்கடையில் டீ குடிக்க அனுப்பினார். பிறகு அமுதாவிடம், உனக்கு எப்படி வேண்டும் என்று கேட்டார். அவள் ஒரு மழை நாளைச் சொன்னாள். ஒரு முறை கடற்கரைச் சாலையில் மழை பிடித்துக்கொண்டதாம். காற்றில் தார்ப்பாய் பிய்த்துக்கொண்டு பறக்க, ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை நழுவ, டீக்கடையில் நின்றவர்களைக் கூப்பிட்டுக் கெஞ்சியிருக்கிறாள். வந்து கட்டிக் கொடுத்தார்களாம். கட்டிக்கொண்டே, பொம்பளைக்கு எதுக்கும்மா இந்த வேலை என்று கேட்டார்களாம்.

"யாரையும் கூப்புடாம நானே மூடணும். நானே தொறக்கணும். அவ்ளோதான்" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வண்டிய வித்துட்டாங்கன்னா நான் மறுபடி வூட்ல குந்திகினு அரிசி பொறுக்கணும்க்கா" என்றாள்.

அண்ணன் டேப்பை எடுத்து அவளுடைய இடுப்பு உயரத்தையும், கையைத் தூக்கினால் எட்டுகிற உயரத்தையும் அளந்து என்னைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். வண்டியை அளப்பதற்கு முன் ஆளை அளந்தது அதுதான் முதல் தடவை.

அண்ணனும் நானும் வரைந்து வரைந்து அழித்துக் கடைசியில் வந்து நின்றது இப்படி. தொட்டியின் இரண்டு பக்கப் பலகைகளின் மேலும் நீளவாக்கில் ஒரு இரும்புச் சானல், ஒரு பக்கம் பிளந்த குழாய் மாதிரி. அதில் உருளைகள் ஓடும். உருளைகளின் மேல் தாழ்வான ஐந்து கம்பி வளைவுகள். துணி வளைவுகளோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கும். திறந்தால் ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிந்து முன்பக்கம் கேபினோடு போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு கயிற்றை இழுத்தால் மூடும், இன்னொரு கயிற்றை இழுத்தால் திறக்கும். இரண்டு கயிறும் பின் மூலையில், அமுதாவின் இடுப்பு உயரத்தில். ஆட்டுக்குப் பாதி திறந்து வலை கட்டலாம். அண்டாவுக்கு முழுதாக மூடலாம்.

வளைவு எவ்வளவு உயரம் வேண்டும் என்று பார்க்கப் படாளம் போனேன். சேகரிடம் இருந்ததிலேயே உயரமான கிடாவை நிற்கவைத்து அளந்தேன். அது நின்றதைவிட என் டேப்பைத் தின்றதுதான் அதிகம். பெரிய அண்டாவை மூடியோடு அளந்தேன். கிடாவின் கொம்பும் அண்டாவின் மூடிக் குமிழும் கிட்டத்தட்ட ஒரே உயரம். இதைச் சொன்னபோது மச்சானும் மாப்பிள்ளையும் முதன்முறையாக ஒன்றாகச் சிரித்தார்கள். அப்புறம் வண்டியைக் காலியாக ஒரு தடவையும், மூட்டை ஏற்றி ஒரு தடவையும் அளந்தோம். சுமை ஏறினால் பக்கப் பலகைகள் கொஞ்சம் வெளியே தள்ளும். காலி வண்டிக்குத் தைத்த கூரை சுமை வண்டியில் இறுகி நின்றுவிடும்.

துணியில்தான் அண்ணனுக்கும் எனக்கும் சண்டை. அவர் கித்தான் பக்கம். கெட்டியான பருத்தித் துணி, உள்ளே காற்று போய்வரும், வாழ்நாள் முழுக்க அவர் நம்பியது. நான் பிவிசி பூசிய துணி பக்கம். ஆட்டு வாடையைக் கித்தான் குடித்து வைத்துக்கொள்ளும் என்றேன். துவைத்தால் போய்விடும் என்றார். வாக்குவாதம் வளராமல், இரண்டிலும் ஒவ்வொரு துண்டு வெட்டி சேகரின் ஆட்டுக் கொட்டகையில் ஒரு வாரம் தொங்கவிட்டோம். எடுத்துவந்து சோப்புப் போட்டுத் துவைத்துக் காயவைத்து, கடை வாசலிலேயே கண்ணைக் கட்டி ஒவ்வொருவராக மோந்து பார்க்கச் சொன்னோம். எதிர்க்கடை டீ மாஸ்டர் பிவிசியைப் புதுத் துணி என்றார். கணேசன் கித்தானைக் கிட்டே கொண்டுபோகும்போதே, "மச்சான் வந்துட்டாரா?" என்றார். கடைசியாக அண்ணன். இரண்டையும் நெடுநேரம் மூக்கில் வைத்திருந்தார். கித்தானை மடித்துக் கீழே வைத்துவிட்டு, "ஆடு" என்றார். அதோடு அந்தச் சண்டை முடிந்தது.

ஆனால் அவர் பயந்ததிலும் நியாயம் இருந்தது. சூடான அண்டாவை பிவிசிக்குள் வைத்து மூடினால் ஆவி மேலே போய் வியர்த்து, சொட்டுச் சொட்டாகச் சாப்பாட்டு மூடியிலும் இலைக்கட்டிலும் விழும். "அதுக்கு மூச்சு வராதுன்னா நாம மூக்கு வச்சுக் குடுத்துடலாம்" என்று சொல்லி, முன்வளைவிலும் பின்வளைவிலும் உச்சியில் நீளமாக ஒரு வாய் வெட்டி, உள்ளே வலையும் மேலே மழை இறங்காதபடி மடல் ஒன்றும் வைக்கச் சொன்னார். கடையில் அதன் பெயர் கடைசிவரை மூக்குதான்.

முதல் வெள்ளோட்டம் படுதோல்வி. அமுதா வண்டியைக் கடற்கரைச் சாலையில் ஓட்டிப்போய், தேவனேரி பக்கம் நிறுத்தி மூடிப் பார்த்திருக்கிறாள். கூரை பாதியில் நின்றுவிட்டது. சானலின் வாய் மேல்நோக்கி இருந்ததால் காற்றில் வந்த மணல் முழுக்க அதில் இறங்கியிருந்தது. உருளைகள் நறநறத்தன. கணேசன் தகரக் கூண்டுப் பேச்சை மறுபடி எடுத்தார். வண்டி வாங்க ஒருவர் விசாரித்ததாகவும் காதில் விழுந்தது. அண்ணன் சானலைக் கழற்றி, வாய் வெளிப்பக்கம் பார்க்கும்படி படுக்கவைத்துப் பற்றவைக்கச் சொன்னார். இப்போது மணல் வந்தாலும் தங்காமல் கொட்டிவிடும். இரும்பு உருளைகளை எடுத்துவிட்டு நைலான் உருளைகள் போட்டோம். ஒரு வாரம் அவகாசம் கேட்டு வாங்கினோம். சேகர் சரி என்றார். கணேசன் சரி என்று சொல்லவில்லை, ஐப்பசியில் மாமல்லபுரத்தில் ஒரு வளைகாப்பு ஒப்புக்கொண்டிருப்பதாகவும், அன்றைக்குப் பார்த்துவிடலாம் என்றும் சொன்னார்.

கடலோரத்து விருந்தினர் விடுதி ஒன்றில் வளைகாப்பு. அங்கே அடுப்பு மூட்ட அனுமதி இல்லை, எல்லாம் வீட்டிலிருந்துதான் போக வேண்டும். அண்ணன் என்னைக் கூடப் போகச் சொன்னார். எதுவும் செய்யக் கூடாது, பார்த்துவிட்டு மட்டும் வர வேண்டும் என்பது கட்டளை.

திருக்கழுக்குன்றத்தில் அவர்கள் வீட்டுக்கு நான் போனபோது தொட்டியைக் கழுவித் துடைத்து ரப்பர் விரிப்பு போட்டிருந்தார்கள். புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம். கடைசியாக, அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய சர்க்கரைப் பொங்கல். கணேசன் எல்லாவற்றையும் தானே ஏற்றிவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டார். பொங்கலின் ஆவி போகட்டும் என்று அமுதா கூரையைப் பாதி திறந்தே வைத்துக் கிளம்பினாள். வானம் வெளுப்பாகத்தான் இருந்தது.

பூஞ்சேரிக்கு முன்னால் மழை வந்துவிட்டது. தூறல் என்று தொடங்கவில்லை, ஒரேயடியாகக் கொட்டியது. அமுதா வண்டியை ஓரம் கட்டினாள். நான் என் பக்கத்துக் கதவில் கை வைத்தேன்.

"நீங்க எறங்காதீங்கக்கா" என்றாள்.

பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கயிற்றை இழுத்தாள். முதல் வளைவு நகர்ந்தது, இரண்டாவது நகர்ந்தது. மூன்றாவது நின்றுவிட்டது. அவள் மறுபடி பலமாக இழுக்கவில்லை. கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, பக்கவாட்டில் குனிந்து பார்த்தாள். கணேசன் பொங்கல் கிண்டும் நீளக் கரண்டியைக் குறுக்கே வைத்திருந்தார். அதன் காம்பு வளைவின் காலுக்கு எதிரே நீட்டிக்கொண்டிருந்தது. கையை விட்டு அதை உள்ளே தள்ளினாள். மறுபடி கயிற்றை இழுத்தாள். மூன்று, நான்கு, ஐந்து. பின்பலகையில் கொக்கி விழுகிற சத்தம் மழையிலும் கேட்டது. மரத்தடியில் ஒதுங்கியிருந்த ஒரு பைக்குக்காரர் உதவிக்கு ஓடி வந்தார். அவர் வண்டியை எட்டும்போது அமுதா தன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

தலை முதல் கால் வரை நனைந்திருந்தாள். துண்டால் முகத்தைத் துடைத்தாள். கியர் போட்டாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள், நானும் சேர்ந்துகொண்டேன். எதற்கென்று இருவருமே சொல்லிக்கொள்ளவில்லை. விடுதி வாசல் வரை சிரித்துக்கொண்டே போனோம்.

அங்கே கணேசன் குடையும் கையுமாக, முகம் வெளுத்து நின்றுகொண்டிருந்தார். விடுதி மேலாளரும் பக்கத்தில் இருந்தார். அமுதா மற்றக் கயிற்றை இழுத்துத் திறந்ததும் மேலாளர் தொட்டிக்குள் தலையை விட்டு ஒரு முறை மூச்சை இழுத்தார். கணேசன் மூச்சையே விடவில்லை.

"இன்னா, சக்கரப் பொங்கலா?" என்றார் மேலாளர். "எனக்கும் ஒரு தொன்ன எடுத்து வைம்மா."

நான் கூரையின் உட்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். லேசான ஈரம் இருந்தது. ஆனால் ஒரு சொட்டுக்கூட விழுந்திருக்கவில்லை. மூக்கு வேலை செய்திருந்தது. இலைக்கட்டு காய்ந்தபடியே இருந்தது. வளையல் அடுக்கிய கைகளோடு அந்தப் பெண் மணையில் உட்கார்ந்திருக்க, ஐந்து வகைச் சாதமும் ஆவி பறக்கப் போய்ச் சேர்ந்தன. அமுதாவுக்கு யாரோ மாற்றுப் புடவை கொடுத்தார்கள். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டாள். பொங்கலை மூன்று தடவை கேட்டு வாங்கினாள்.

மறுநாள் கடையில் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மழை, கரண்டி, ஆவி எல்லாம். அவர் கேட்டது ஒன்றுதான்.

"யாரையாவது கூப்ட்டுச்சா?"

"இல்லண்ணே. என்னையே எறங்க வேணாம்னிடுச்சு."

தலையை ஆட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலில் நின்ற அடுத்த வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு கயிற்றுக் கூரை கேட்டு நிறைய பேர் வந்தார்கள். பால் வண்டி, பூ வண்டி, கேஸ் சிலிண்டர் வண்டி. ஆண்களும் கேட்டு வந்தார்கள். மழையில் இறங்கித் தார்ப்பாய் கட்டுவது அவர்களுக்கும் ஒன்றும் இனிப்பான வேலை இல்லையே. வண்டி ஓட்டும் பெண்களும் ஒருவர் இருவராக வந்தார்கள்.

தை மாதம் அமுதாவின் வண்டி கொக்கி மாற்றுவதற்காக மறுபடி வந்தது. மூவரும் வந்திருந்தார்கள், அப்படியே சந்தைக்குப் போகிற வழி. கூரை பாதி திறந்து, வலைக்குள் ஆடுகள் நின்றிருந்தன. வேலை நடந்துகொண்டிருக்கும்போது சேகர் என்னைத் தனியே கூப்பிட்டு, பாதி திறக்கிற மாதிரி கூரை போடலாம் என்று முதலில் சொன்னது தான்தான் என்று நினைவுபடுத்தினார். கொஞ்ச நேரத்தில் கணேசன் வந்து, முழுதாக மூடுகிற யோசனை தன்னுடையது, மச்சானிடம் அதை எடுத்துச் சொல்லவே ஒரு மாதம் ஆயிற்று என்றார். இருவரிடமும் ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல.

அமுதாவிடம் போய் இதைச் சொன்னேன். அவள் கயிற்றை ஒரு தடவை இழுத்துப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினாள்.

"சொல்லிகினு போட்டும்க்கா" என்றாள். "சாவி எங்கிட்டதான கீது."

ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள். மச்சானும் மாப்பிள்ளையும் பக்கத்துச் சீட்டில் நெருக்கியடித்து ஏறிக்கொண்டு, யார் ஜன்னல் ஓரம் உட்காருவது என்று பேச ஆரம்பித்திருந்தார்கள்.